ஆறு பத்துக்குத் தட்டும் அட்டை

அத்தியாயம் 11

சுரங்க ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனில் நிதானமாக நடப்பவர் என்று யாரும் கிடையாது. வண்டி நின்று கதவு திறந்ததும் ஆயிரம் பேர் ஒரே மூச்சில் இறங்குவார்கள். நகரும் படியில்கூட நிற்க மாட்டார்கள், அதிலும் ஏறி ஓடுவார்கள். கேட்டில் அட்டையைத் தட்டிவிட்டு, மேலே பன்னிரண்டு தடங்களில் உறுமிக்கொண்டிருக்கும் பஸ்களில் தங்களுடையது கிளம்பிவிட்டதா என்று கழுத்தை நீட்டுவார்கள். பாதை அங்கே முடிகிறதே தவிர ஒருவருக்கும் வீடு அங்கே இல்லை. எல்லோருக்கும் இன்னும் அரை மணியோ முக்கால் மணியோ பயணம் பாக்கி இருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, சாயங்காலம் ஆறு மணிக்கு, சாவி வெட்டுகிற கடையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான் கொக்கு. ஆறடி இரண்டங்குலம் உயரம், அதற்குத் துளியும் பொருந்தாத எடை. பட்டப்பெயர் வைத்தவர்கள் அதிகம் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். ஒளிந்து நின்று வேவு பார்க்கும் தொழிலுக்கு இப்படி ஓர் உடம்போடு யாரும் வர மாட்டார்கள். இவன் வந்தது வேறு வழியில்லாமல். அண்ணன் துப்பறியும் ஏஜென்சி வைத்திருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் போய்விட்டான். அண்ணி அந்த அறையைப் பூட்டவில்லை. மருந்து கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து இவன் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து மூளை அண்ணியுடையது, காலும் வாயும் இவனுடையவை.

அந்த வாய்தான் இன்றைக்கு அவனை உறுத்திக்கொண்டிருந்தது.

எதிரே கடிகாரத் தூணடியில் அவர்களுடைய கட்சிக்காரர் நின்றிருந்தார். ஐம்பது வயது, வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா. புருஷன் நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். இருபத்தைந்து நாளைக்கு முன்னால் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பினார், வந்து சேரவில்லை. அன்றிலிருந்து தையல்காரம்மா தினமும் ஆறு மணிக்கு அவர் போட்டோவோடு இந்தத் தூணடிக்கு வந்துவிடுகிறார். ஏழு மணி வரை வருகிற முகங்களை எல்லாம் பார்க்கிறார். ஏழு மணி பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்புகிறார்.

இந்த ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் புருஷனின் ரயில் அட்டை. மாத பாஸ். அதை யார் இந்தக் கடைசி ஸ்டேஷன் கேட்டில் தட்டினாலும் தையல்காரம்மாவின் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். பாஸ் எடுத்த நாளில் புருஷனே பதிவு செய்து வைத்தது. அவர் காணாமல் போன அன்று மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு இதே கடைசி ஸ்டேஷனில் அட்டை வெளியேறியது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். தினமும் ஆறு பத்து வாக்கில் கேட்டைத் தாண்டி வெளியே வருகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உள்ளே போகிறது. வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.

போலீஸ் அந்த மெசேஜ்களைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிட்டது. அட்டை நடமாடுகிறது என்றால் ஆளும் நடமாடுகிறார், மனசு மாறினால் தானே வருவார் என்று ஆறுதல் வேறு சொன்னார்கள். கேமரா பதிவு வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள், அறுபது நாளில் பதில் வரும் என்றது ரயில் நிர்வாகம். பதிவை முப்பது நாளில் அழித்துவிடுவோம் என்பதையும் அதே மூச்சில் அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணியும் கொக்கும் கேட்டருகிலேயே மூன்று நாள் காவல் நின்று பார்த்தார்கள். கேட் முப்பத்திரண்டு இருக்கிறது, மெசேஜ் ஒரு நிமிஷம் தாமதித்து வருகிறது, அதற்குள் ஐந்நூறு பேர் பறந்துவிடுகிறார்கள்.

கொக்கின் குறிப்பு நோட்டில் ஒன்பது வரிகள் இருந்தன, எட்டு அடிக்கப்பட்டவை. கடையில் சண்டை: இல்லை. இன்னொரு குடும்பம்: அந்த மனிதருக்கு இருக்கிற ஒன்றைப் பராமரிக்கவே நேரம் போதாது. ஆஸ்பத்திரிகள்: இல்லை. பெயர் தெரியாத உடல்கள்: மூன்றையும் தையல்காரம்மாவை அழைத்துப்போய்க் காட்டியாகிவிட்டது, மூன்றும் வேறு யாரோ. அன்றைக்கு இதே பாதையில் ஒரு பயணி இருக்கையிலேயே மாரடைப்பில் இறந்தது: அவருக்கு ஆபீஸ் அடையாள அட்டை இருந்தது, வந்து கையெழுத்துப் போட ஓர் அண்ணன் இருந்தார், தவிர, ரயில்காரர்கள் அந்த உடலைப் பார்த்தபோது காணாமல்போன கண்ணாடிக்காரரின் அட்டை கேட்டைத் தாண்டியாகிவிட்டது. கடன், குடி, ஞாபக மறதி: இல்லை, இல்லை, இல்லை. மிச்சம் ஒரே ஒரு வரி. ஆறு பத்து.

அந்த ஒரு வரியை அண்ணி நேற்று மத்தியானம் பிரித்து மேய்ந்துவிட்டாள். இருபத்து நாலு நாள் மெசேஜ்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வெளியே வந்த நேரத்தை விட்டுவிட்டு, திரும்ப உள்ளே போன நேரத்தை மட்டும் பார்த்தாள். ஏழு மூன்று, ஏழு நாலு, ஏழு மூன்று. இரண்டு நாள் மட்டும் ஆறு பதினாறு. அந்த இரண்டு நாளும் என்ன நடந்தது என்று தையல்காரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அந்த இரண்டு நாளும் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார், ஸ்டேஷனுக்கு வரவில்லை.

"இவங்க வந்தா அட்டை காத்திருக்கு. இவங்க ஏழு மணி பஸ் ஏறினதும் அட்டை கிளம்பிடுது. இவங்க வரலைன்னா உடனே திரும்பிடுது" என்றாள் அண்ணி. "யாரோ ஒருத்தர் இவங்களைப் பார்க்கத்தான் வர்றாங்க."

கொக்குக்கு அந்த 'யாரோ ஒருத்தர்' காதில் ஏறவே இல்லை. சந்தோஷம் தாங்காமல் நேரே தையல்காரம்மா வீட்டுக்குப் போய், "அக்கா, உங்க வீட்டுக்காரர் தினமும் உங்களைப் பார்க்கத்தான் வர்றார், முகத்தைக் காட்டத்தான் வெக்கப்படுறார்" என்று போட்டு உடைத்துவிட்டான். மனிதர் ஏதோ கோபத்தில் போயிருப்பார், திரும்பி வரக் கால் கூசியிருக்கும், நாளைக்குப் பிடித்துவிடலாம் என்றெல்லாம் கதை கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தான். விஷயம் தெரிந்ததும் அண்ணி திட்டவில்லை. அண்ணி திட்டாவிட்டால் தப்பு பெரிது என்று அர்த்தம்.

இன்றைக்குப் பாஸின் முப்பதாவது நாள். நாளை அட்டை செத்துவிடும், மெசேஜும் வராது. கிடைத்தால் இன்று, இல்லையென்றால் இல்லை. தையல்காரம்மா தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். கையில் போட்டோவோடு ஒரு துணிப் பையும் இருந்தது. அதில் ஒரு புதுச் சட்டை. இந்த இருபத்தைந்து நாளில் புருஷனுக்காகத் தைத்தது. இத்தனை நாள் அதே சட்டையோடு எங்கே சுற்றுகிறாரோ என்றார். கொக்கு அந்தச் சட்டையைப் பார்த்ததும் சாவிக்கடைப் பக்கம் வந்து நின்றவன்தான்.

ஆறு பதினொன்றுக்கு அவன் போன் அதிர்ந்தது. எதிர்ப்பக்கம் டிக்கெட் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி. தையல்காரம்மா தனக்கு வந்த மெசேஜை அவளுக்கு அனுப்பிவிட்டார், ஆள் வெளியே வந்தாகிவிட்டது. தூணைப் பார்க்கிறவர்களைப் பார் என்றாள்.

கொக்கு பார்த்தான். சும்மா நிற்பவர்கள் மொத்தம் நாலு பேர். சாவி வெட்டுபவர், ஒரு காவலாளி, தூணடியில் தையல்காரம்மா, பிறகு இவன்.

"அண்ணி, இங்க நிக்கிறவங்கள்லயே சந்தேகப்படும்படியா இருக்கிறது நான்தான். என்னையே பிடிச்சிரட்டுமா?"

"நிக்கிறவனைத் தேடாதே" என்றாள் அண்ணி. "இங்க சும்மா நின்னா பளிச்சுனு தெரியும், அது அவருக்கும் தெரியும். முக்கால் மணி நேரம் நின்னாலும் யாரும் ஏன்னு கேட்காத இடம் எது?"

கொக்கு சுற்றிலும் கண்ணை ஓட்டினான். பன்னிரண்டு தடங்கள், பன்னிரண்டு வரிசைகள். பஸ்ஸுக்கு நிற்கிறவனை யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்பதில்லை. மூன்றாவது தடத்தின் வரிசை மட்டும் கடிகாரத் தூணுக்கு நேர் எதிரில் வளைந்து போனது. எட்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ்.

"யாரு ஏறலைன்னு பாரு" என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்தாள். "முகம் பார்க்காம சைகை காட்டாதே" என்று காலையிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

முதல் பஸ் வந்தது. வரிசையில் நாலாவதாக நின்ற கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். பின்னால் இருந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். பஸ் போனது. அவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். இரண்டாவது பஸ் வந்தது. இந்தத் தடவை பையைத் திறந்து எதையோ தேடினார், கிடைக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கடைசிக்குப் போனார். ஊரே ஓர் இடம் முன்னால் போக முழங்கையால் இடித்துக்கொள்ளும் வரிசையில், ஒருவர் முன்னால் இருந்து பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

கொக்கு தூண்களின் மறைவில் நகர்ந்து அவருக்குப் பின்பக்கம் வந்தான். கண்ணாடிக்காரரின் உயரம்தான். அதே முன்வழுக்கை, அதே மூக்குக்கண்ணாடிச் சட்டம். தோளில் எல்லா ஆபீஸ்காரர்களும் மாட்டுகிற மாதிரி ஒரு கறுப்புப் பை. அதன் பட்டை பையோடு சேரும் இடத்தில் கருநீல நூலில் பெருக்கல் குறி போல ஒரு தையல். பட்டை அறுந்தபோது சீருடைக்கு வைத்திருந்த கருநீல நூலில் தைத்துக் கொடுத்தேன், அவர் கறுப்பு நூல் இல்லையா என்று கேலி செய்தார் என்று தையல்காரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

கொக்குக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வலது கையை உயரத் தூக்கிவிட்டான். ஆறடி இரண்டங்குலத்துக்கு மேல் ஒரு கை. ஸ்டேஷன் முழுக்கத் தெரிந்திருக்கும்.

தூணடியில் தையல்காரம்மா அதைப் பார்த்தார். போட்டோவைப் பைக்குள் போட்டார். தலைமுடியை ஒரு தடவை தடவிச் சரிசெய்துகொண்டு கூட்டத்துக்குள் இறங்கினார்.

கொக்கு கட்டம் போட்ட சட்டைக்காரரின் தோளைத் தொட்டான். அவர் திரும்பினார்.

அந்த முகத்தை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

மீசையை எடுத்தால் மாறுகிற அளவு மாற்றம் இல்லை அது. தாடை வேறு, காது வேறு, கண் வேறு. முழுக்க வேறொரு மனிதர். கொக்கு கையைக் கீழே இறக்கினான், ஆனால் அது ரொம்ப லேட். தையல்காரம்மா ஓடி வந்துகொண்டிருந்தார். அந்த ஸ்டேஷனில் எல்லோரும் ஓடுவதால் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடத்துக்குப் பத்தடி தூரத்தில் அண்ணி குறுக்கே வந்து அவர் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பை அவரோடதுதான்" என்றார் தையல்காரம்மா, அண்ணியின் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி. "தையல் என்னோடது. அவர் எங்க?"

கட்டம் போட்ட சட்டைக்காரர் ஓட முயற்சி செய்யவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொலைந்த பொருட்கள் அறையின் பொறுப்பாளர் அண்ணிக்குப் பழக்கம். கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சுவர் முழுக்க அலமாரி. ஒரு தட்டில் குடைகள், ஒன்றில் ஒற்றைச் செருப்புகள், ஒன்றில் ஒரு பல் செட்டு. யார் எதைத் தொலைத்தாலும் அங்கே சீட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆளைத் தொலைத்தவர்களுக்கு மட்டும் தட்டு இல்லை. வேறொரு நாளாக இருந்தால் கொக்கு அந்தப் பல் செட்டுக்காரர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பத்து நிமிஷம் பேசியிருப்பான். இன்று கதவைச் சாத்திவிட்டு மூலையில் நின்றான். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார், புதுச் சட்டை மடியில். பத்து நிமிஷம் பொறுங்கம்மா என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

பையை மேசை மேல் வைக்கச் சொன்னாள். வைத்தார். பெயரைக் கேட்டாள். சொன்னார்.

எழுதப் போன கொக்கின் பேனா பாதியில் நின்றது. இந்தப் பெயரை அவன் ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்கிறான். எழுதி, அதன் மேல் கோடும் இழுத்திருக்கிறான். நோட்டைப் பின்னால் புரட்டி ஐந்தாவது வரியைப் பார்த்தான். தப்பே இல்லை, அதே பெயர்.

"அண்ணி, இவர் செத்துட்டாரே" என்றான்.

"ஆமா" என்றார் அந்த மனிதர். "இருபத்தஞ்சு நாள் ஆச்சு."

பிறகு அவர் சொன்னதை அண்ணி இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டாள்.

அவருக்கு ஒரு கிடங்கில் பழைய கோப்புகளை அடுக்கும் வேலை. தனி ஆள். பல வருஷமாக அதே சாயங்கால வண்டி, அதே மூன்றாவது பெட்டி. கண்ணாடிக்காரரும் அதே பெட்டி. கண்ணாடிக்காரர் இரண்டு ஸ்டேஷன் எதிர்த்திசையில் போய் ஏறி உட்கார இடம் பிடித்துவிடுவார். இவர் நடுவில் ஏறுவதால் நிற்பார். நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது அந்தப் பாதையில் வழக்கம். கேட்கக்கூட வேண்டாம், நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். ஐந்து வருஷமாக இவர் பை கண்ணாடிக்காரர் மடியில்தான் வந்தது. இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டதில்லை. நெரிசலில் பிக்பாக்கெட் பயம் என்பதால் பர்ஸ், போன், அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் சட்டையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுவதும் அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

அன்றைக்கும் பையைக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் வாங்கித் தன் பையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நாலு ஸ்டேஷன் தாண்டித் தலையைக் கண்ணாடியில் சாய்த்தார். அசதி போல என்று இவர் நினைத்தார். அந்த வண்டியில் தூங்குகிறவர்களை எழுப்ப மாட்டார்கள். எல்லோரும் கடைசி ஸ்டேஷன்தானே, எங்கே தவறிப் போய்விடப் போகிறது. கடைசி ஸ்டேஷன் வந்தது, பெட்டி காலியானது, இவர் "சார், வந்தாச்சு" என்று தோளைத் தொட்டார். தொட்டதும் தெரிந்துவிட்டது.

"சத்தம் போட்டிருக்கணும். போடலை. பயம்" என்றார். "மடியில இருந்த பையை இழுத்துக்கிட்டு நடந்துட்டேன். கையில் வந்தது எதுன்னு பார்க்கலை."

இரண்டும் கறுப்புப் பை. பக்கவாட்டு உறையில் கைவிட்டு அட்டையை எடுத்துத் தட்டினார், கேட் திறந்தது. பஸ் ஏறி வீடு போய் டிபன் பாக்ஸை எடுக்கும்போதுதான் மூடி வேறாக இருந்தது. உள்ளே லென்ஸ் துடைக்கும் துணிகள். ஒரு போன். அது அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் 'வீடு' என்று காட்டியது. விடிவதற்குள் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. காலையில் பஸ்ஸிலேயே நகரத்துக்குப் போய், உண்மையைச் சொல்ல ஒரு கடை போனிலிருந்து தன் ஆபீஸை அழைத்தார். எடுத்த பெண் இவர் பெயரைக் கேட்டதும், அவர் நேற்று ரயிலில் இறந்துவிட்டார், அண்ணனுக்குத் தகவல் போயிருக்கிறது என்றாள். இவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகவில்லை, நகரத்திலேயே ஒரு சத்திரத்தில் படுத்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் முகத்தைப் பார்த்திருப்பாரே" என்றாள் அண்ணி.

"பன்னிரண்டு வருஷமா பேச்சு இல்லை. பிணவறை வாசல்லயே நின்னு, பையைப் பார்த்து, போட்டோ மங்கிப்போன அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுட்டாராம். முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லைன்னு மயானக் காவலாளிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கார். பொது மயானத்துல புதைச்சாச்சு. நான் போய்ப் பார்த்தேன். பலகையில என் பேரு."

அண்ணி கொக்கின் பக்கம் திரும்பினாள். "பேர் இல்லாத உடம்பை எல்லாம் பார்த்தோம். பேரோட இருந்த உடம்பை யாருமே பார்க்கலை" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது, அதனால் கொக்குக்கு இன்னும் அதிகமாக வலித்தது. ஐந்தாவது வரியை அடித்தவன் அவன்தான். அட்டை வெளியேறிவிட்டது, ஆகவே ஆள் வெளியேறிவிட்டார் என்று போலீஸைப் போலவே அவனும் நினைத்தான்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதை அவனே கேட்டான். தினமும் ஏன் வந்தீர்கள்?

அந்த மனிதர் ஜன்னல் வழியே பெஞ்சைப் பார்த்தார். "மறுநாள் பையை இந்த ரூம்லயே போட்டுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். அந்தம்மா போட்டோவை நீட்டி, இவரைப் பார்த்தீங்களான்னு கேட்டாங்க. வாய் தவறி இல்லைன்னுட்டேன். ஒரு தடவை இல்லைன்னு சொன்னப்புறம் எப்படி ஆமான்னு சொல்றது? இன்னைக்குச் சொல்லிடலாம், இன்னைக்குச் சொல்லிடலாம்னு தினம் வந்தேன். அவங்க ஏழு மணிக்குப் போயிடுவாங்க."

கொக்கு சுவரில் சாய்ந்தான். இவர் சொல்ல வந்த ஒவ்வொரு நாளும் கேட்டில் அட்டையைத் தட்டினார். தட்டிய ஒவ்வொரு தடவையும் அங்கே தூணடியில் ஒரு மெசேஜ் வந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று அந்த அம்மா இன்னொரு நாள் நம்பினார். போதாததற்கு நேற்று இவன் வேறு போய்க் கதை கட்டினான்.

கதவு திறந்தது. பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்று தையல்காரம்மா உள்ளே வந்தார். மேசை மேல் இருந்த பையைத் தொட்டு அந்தக் கருநீலத் தையலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அந்த மனிதரைப் பார்த்தார்.

"இவரை எனக்குத் தெரியும். தினமும் மூணாம் நம்பர் வரிசையில நிப்பார். பஸ்ஸே கிடைக்காது பாவம்னு நினைப்பேன்" என்றார்.

அண்ணி எழுந்தாள். சுற்றி வளைக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் அரை மணி நேரம் சுற்றி வளைத்து அவளுக்கு ஒரு செய்தி சொன்னார். அந்த அரை மணியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்று கொக்குக்குத் தெரியும்.

"அவர் இறந்துட்டார்மா. அன்னைக்கே. வண்டியிலேயே."

மிச்சத்தையும் சொன்னாள், நாலைந்து வாக்கியத்தில். தையல்காரம்மா அழவில்லை. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"அப்ப அந்த மெசேஜ் எல்லாம்..."

"நான்தாம்மா" என்றார் அந்த மனிதர்.

தையல்காரம்மா தலையை ஆட்டினார். பையின் ஜிப்பைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று கழுவி இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார். வேறு யாரோ கழுவிய பாத்திரத்தில் அவருடைய புருஷனின் வாசனை எப்படி இருக்கும்?

"உட்கார இடம் கிடைச்சுதா அன்னைக்கு?" என்று கேட்டார். "அவருக்கு முழங்கால் வலி. நிக்க முடியாது."

"உட்கார்ந்துதான் இருந்தார். ஜன்னல் ஓரம்."

"சரி" என்றார் தையல்காரம்மா. அதற்குப் பிறகுதான் உட்கார இடம் தேடினார். கொக்கு பாய்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். புதுச் சட்டை தரையில் விழுந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி மடித்தான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

புருஷனை அவர் சொந்தப் பெயர் எழுதிய பலகைக்கு அடியில் பார்க்க வேண்டும் என்றார் தையல்காரம்மா, ரொம்ப நேரம் கழித்து. அண்ணி அது சுலபமில்லை என்று சொன்னாள். மண்ணைத் தோண்ட உத்தரவு வேண்டும். உத்தரவு வேண்டுமென்றால் அங்கே படுத்திருப்பது இந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். ஆபீஸ் ஏற்கெனவே இவர் பெயரை அடித்துவிட்டது. ஆவணப்படி இவர் இறந்தவர், இறந்தவர் வந்து கொடுக்கிற மனுவை எந்த மேசையிலும் வாங்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட அண்ணன் வந்து, நான் பார்க்காமல் போட்டேன் என்று சொன்னால்தான் ஏதாவது நகரும்.

அண்ணி அந்த மனிதரைப் பார்த்தாள். "நீங்க உயிரோட வந்தாத்தான் இவங்க புருஷன் சாக முடியும்."

"அண்ணன் வர மாட்டார்" என்றார் அவர். "அவரைப் பொறுத்தவரை ஒரு வேலை முடிஞ்சுது."

தையல்காரம்மா தன் போனை எடுத்து மேசை மேல் அவர் பக்கமாகத் தள்ளினார். பழைய போன், ஓரம் உடைந்தது. அன்றிரவு விடிய விடிய அடித்தது இதிலிருந்துதான்.

"கூப்பிடுங்க."

"என்னம்மா சொல்றது?"

"எடுத்தா சொல்லலாம். முதல்ல எடுக்கட்டும்."

அவருக்கு எண் மறந்திருக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அழைக்காத எண்ணை ஒரு தடவைகூடத் தடுமாறாமல் அழுத்தினார். அறை அத்தனை அமைதியாக இருந்ததால் எதிர்முனையில் மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. வெளியே அடுத்த வண்டி வந்து, படிகளில் ஆயிரம் கால்கள் ஓடின. மணி அடித்து அடித்து அறுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவர் போனைக் கீழே வைக்கப் போனார்.

"நான் நாற்பத்தொரு தடவை அடிச்சேன்" என்றார் தையல்காரம்மா. "இன்னொரு தடவை போடுங்க."

அவர் மறுபடி அழுத்தினார்.